கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் வேனுக்குள் ஹேர் டிரையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், சின்ன அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்களுக்கும் நாகப்பட்டினம் கடற்கரைக்கும் போய்வருகிறோம். ஐப்பசி மாதம் மாயவரத்தில் (மயிலாடுதுறை) காவிரியின் துலாக் கட்டத்தில் முழுகுவது அம்மாவுக்கு விடமுடியாத வழக்கம். அங்கேதான் இந்தப் பிரச்சினை ஆரம்பித்தது. ஐப்பசி என்றால் அடைமழை. விடிகாலையில் ஆற்றில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வேனுக்குள் வந்து உட்கார்ந்தால், வெயிலும் கிடையாது, காற்றும் பிசுபிசுவென்று இருக்கும். இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்கு மத்தியானம் வரை காயாது. "தலையில நீர் கோத்துக்கும்டி" என்று அம்மா நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே வருவார். அதனால் வேனில் ஹேர் டிரையர் ஓட வைத்தே தீருவது என்று இறங்கினேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தது இதற்காவது உதவட்டும் என்று வயரிங்கை நானே செய்தேன். அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஃபேன், லைட், டிவி எல்லாம் வேன் பேட்டரியில் ஓடுகிறதே, டிரையர் மட்டும் ஏன் ஓடமாட்டேன் என்கிறது?

ஃபேனும் லைட்டும் சொட்டு சொட்டாகக் குடிப்பவை. டிரையர் ஒரே மூச்சில் அண்டாவைக் கவிழ்க்கும். 12 வோல்ட் ஃபேன் 25 வாட், எல்.இ.டி. விளக்கு 5 வாட். சாதாரண டிரையர் 1200 வாட். சூடு உண்டாக்கும் எந்தச் சாதனமும் இப்படித்தான், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் அதே ஜாதி.

வீட்டில் 230 வோல்ட் இருப்பதால் 1200 வாட் டிரையர் ஐந்து ஆம்பியர் சொச்சம்தான் எடுக்கும், நமக்குத் தெரிவதே இல்லை. அதே வேலையை 12 வோல்ட் பேட்டரி செய்ய வேண்டுமானால், பேட்டரி கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 110 ஆம்பியர் வரை போகும். மனக்கணக்குக்கு ஒரு சுலப வழி: 12 வோல்ட் வண்டியில் வாட்டை பத்தால் வகுத்தால் பேட்டரியிலிருந்து போகும் ஆம்பியர் கிட்டத்தட்ட வந்துவிடும். 1200 வாட்டுக்கு 120, 800 வாட்டுக்கு 80. கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் கணக்குதான், ஆனால் வயரையும் ஃபியூஸையும் இதை வைத்தே தீர்மானித்தால் தப்பு வராது. 24 வோல்ட் உள்ள பெரிய பஸ் என்றால் இருபதால் வகுங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் மொத்த மின்சாரம் பெரிதாகச் செலவாவதில்லை. 1200 வாட்டில் பத்து நிமிடம் என்றால் 200 வாட் ஹவர், நஷ்டம் சேர்த்து 230. ஒரு ஃபேன் ஒரு ராத்திரி முழுக்க ஓடினால் எடுப்பதைப் போலத்தான். பேட்டரி தீர்ந்துபோகிறது என்பது இங்கே பிரச்சினையே இல்லை. அவ்வளவையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ள பேட்டரிக்கும் வயருக்கும் இன்வெர்ட்டருக்கும் தெம்பு வேண்டும், அதுதான் விஷயம்.

அப்படியானால் எத்தனை வாட் டிரையர் வாங்குவது?

800 வாட், அதிகபட்சம் 1000. கடையில் "2000 வாட், சலூன் மாதிரி" என்று எடுத்துக் காட்டுவார்கள். வீட்டுக்கு அது நன்றாக இருக்கும், வேனுக்கு வேண்டாம். பயணத்துக்கென்று கைப்பிடி மடங்கும் சின்ன டிரையர்கள் இந்த அளவில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. டிரையரில் சேமிக்கும் ஒவ்வொரு நூறு வாட்டும் வயரில், ஃபியூஸில், இன்வெர்ட்டரில், பேட்டரியில் என்று நான்கு இடத்தில் செலவைக் குறைக்கிறது. பெரிய டிரையருக்குத் தகுந்தாற்போல் வேனை மாற்றுவதைவிட, வேனுக்குத் தகுந்த டிரையரை வாங்குவது எவ்வளவோ மலிவு.

800 வாட்டில் நீள முடி காயுமா?

காயும், துண்டைச் சரியாகப் பயன்படுத்தினால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதிகம் உதவியது இதுதான்.

முடியில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கத்தான் டிரையர் மின்சாரம் எடுக்கிறது. 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க, துளிகூட வீணாகாமல் போனாலே 67 வாட் ஹவர் வேண்டும். டிரையரின் சூட்டில் பாதிக்கு மேல் முடியில் படாமல் காற்றோடு போய்விடும் என்பதால் உண்மையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அந்த 100 கிராமையும் ஒரு துண்டு சும்மாவே உறிஞ்சிவிடும்.

ஒருநாள் சமையல் தராசில் ஈரிழைத் துண்டை நிறுத்துப் பார்த்தேன். காய்ந்திருக்கும்போது 140 கிராம். அம்மா தலையைத் துவட்டி, முடியோடு சேர்த்து முறுக்கிக் கொண்டையாகக் கட்டி, கால் மணி நேரம் கழித்து அவிழ்த்தபோது 310 கிராம். 170 கிராம் தண்ணீர் துண்டுக்கு வந்துவிட்டது. இரண்டாவது துண்டை எடுத்து முடியைப் பகுதி பகுதியாகப் பிடித்து அழுத்தியதில் இன்னும் 40 கிராம் வந்தது. தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். தேய்த்தால் சிக்கு விழும், அப்புறம் சிக்கெடுக்கவே அரைமணி ஆகும்.

புசுபுசுவென்ற டர்க்கி டவல் கனமாக இருக்கும், ஐப்பசியில் வேனுக்குள் காயவே காயாது, இரண்டாம் நாள் முடை நாற்றம் எடுக்கும். நம் ஊர் ஈரிழைத் துண்டு மெல்லியது, நன்றாக உறிஞ்சும், ஃபேன் காற்றிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு எடுத்துப் போகிறோம்.

அதன்பிறகு டிரையரை முதலில் மண்டையின் வேர்ப்பகுதிக்குக் காட்டுங்கள். தலை கனப்பதும் நீர் கோத்துக்கொள்வதாகத் தோன்றுவதும் வேர் ஈரமாக இருப்பதால்தான். வேர் காய்ந்தால் போதும், நுனியை 25 வாட் ஃபேனுக்கு விட்டுவிடலாம். இப்படிச் செய்தால் இடுப்பு வரை முடி உள்ளவருக்கும் எட்டு நிமிடத்தில் டிரையர் வேலை முடிகிறது.

வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரையும் டியூபுலர் பேட்டரியையும் வேனுக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் இன்வெர்ட்டர் வாங்காத வீடு குறைவு, 2018 நவம்பரில் நாள்கணக்காக இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தப் பெட்டி வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் தங்கம். டிரையருக்கு ஆகாது.

முதலில் வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) கணக்கு. பெட்டியில் 900 வி.ஏ. என்று போட்டிருந்தால் அது தரக்கூடியது 700 வாட் சொச்சம்தான். 800 வாட் டிரையரைப் போட்டவுடன் ஓவர்லோடு என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

அடுத்தது பேட்டரி. 150 ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) என்பது மெதுவாக, இருபது மணி நேரம் 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 100 ஆம்பியர் இழுத்தால் அதில் பாதி கிடைப்பதே பெரிது. பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரி என்றால் வோல்டேஜ் சட்டென்று விழும், இன்வெர்ட்டர் "பேட்டரி லோ" என்று அணைத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பேட்டரியில் சார்ஜ் இருப்பதாகவே காட்டும். உள்ளே இருக்கிறது, வேகமாக வெளியே வரமாட்டேன் என்கிறது.

போதாதற்கு அது ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், குலுங்கினால் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். ஆள் படுத்துத் தூங்கும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

லித்தியம் பேட்டரி என்றால் எவ்வளவு வேண்டும்?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று கேட்டு வாங்குங்கள். 12.8 வோல்ட், 100 ஏ.எச். என்றால் 1280 வாட் ஹவர், அதில் எண்பது தொண்ணூறு சதவீதத்தைப் பயமில்லாமல் எடுக்கலாம். எடையும் பத்துப் பன்னிரண்டு கிலோதான்.

இங்கே எல்லோரும் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்று ஒரு காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார். 100 ஏ.எச். பேட்டரிகள் பலவற்றில் அவர் 100 ஆம்பியருக்கு மேல் விடமாட்டார், சிலவற்றில் 50 தான். 1200 வாட் டிரையர் 110 ஆம்பியர் கேட்டால், பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் பட்டென்று துண்டித்துவிடும். ஆகவே வாங்கும்போது "எத்தனை ஏ.எச்." என்று கேட்டு நிறுத்தாமல், "தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும்" என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 800 வாட் டிரையருக்கு 100 ஆம்பியர் பி.எம்.எஸ். தாராளம்.

நாங்கள் வைத்திருப்பது 150 ஏ.எச். டிரையருக்கு மட்டும் என்றால் 100 போதும். ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ், இரண்டு ராத்திரி தங்கல் என்று பார்த்ததால் கூட்டி வாங்கினோம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே சூடு ஏறிவிடும், கொதிக்கும் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்னும். தரையோடு, கட்டிலுக்கு அடியில், காற்றுப் போக இடம்விட்டு வையுங்கள்.

எந்த இன்வெர்ட்டர்? சைன் வேவ் அவசியமா?

800 வாட் டிரையருக்கு 1000 வாட் தொடர்ந்து தரக்கூடிய ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர், அதாவது வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தருவது, போதும். மேலே பெரிதாக 2000 என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் தொடர்ச்சியாக 1000 என்று போட்டிருப்பார்கள். பொடி எழுத்துத்தான் உங்களுக்கு முக்கியம், பெரிய எழுத்து ஒரு நொடி தாங்கும் அளவைச் சொல்கிறது.

சாதாரண ஸ்கொயர் வேவ் பெட்டியிலும் சாதாரண டிரையர் ஓடும், சூடாக்கும் கம்பிக்கு அலை எந்த வடிவில் இருந்தாலும் ஒன்றுதான். எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள டிரையர்கள்தான் முரண்டு பிடிக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் "லோ" சுவிட்ச். மலிவான டிரையர்கள் பலவற்றில் லோ என்பது உள்ளே ஒரு டயோடு மட்டும்தான். கரண்ட் அலையின் ஒரு பாதியை விட்டு மறுபாதியை அடைத்துவிடும். வீட்டு லைனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்வெர்ட்டருக்கு ஒரு பக்கமாகவே பாரம் ஏற்றிய வண்டி மாதிரி. டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி உறுமும், சூடேறும், சில நேரம் அணைந்தே விடும். பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்து 1600 வாட் டிரையரை லோவில் போடுபவர்கள் இதை மனதில் வையுங்கள். லோவில் போட்டதும் உறுமல் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சின்ன டிரையரை ஹையில் ஓட்டுவதுதான் நல்லது.

தலை காய்ந்ததும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். சும்மா இருந்தாலே பத்து இருபது வாட் தின்றுகொண்டிருக்கும்.

வயர் எவ்வளவு தடிமன்? வீட்டு வயரிங் கம்பியையே போட்டால் என்ன?

போடாதீர்கள். எங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை வயரிங்கை நான் செய்யவில்லை, ஒரு கடையில் கொடுத்துச் செய்தோம். பேட்டரி பின்னால், இன்வெர்ட்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், நடுவில் இரண்டு மீட்டர் தூரம், 6 சதுர மில்லிமீட்டர் வயர். பார்க்கத் தடிமனாகத்தான் இருந்தது. அப்போது இருந்ததும் 1200 வாட் டிரையர். துலாக் கட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்தி, அண்ணி தலையைக் காய வைக்க உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. அணைத்துப் போட்டோம், மறுபடி கத்தியது. மூன்றாவது முறை போடும்போது பிளாஸ்டிக் கருகும் வாசனை. கட்டிலைத் தூக்கிப் பார்த்தால், பேட்டரி முனையில் சிவப்பு உறை குழைந்து லக்கின், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தின், மேல் வழிந்திருந்தது. லக்கை அதற்கான கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்யாமல் சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கி வைத்திருந்தார்கள், கையால் இழுத்தபோது கம்பி அப்படியே உருவிக்கொண்டு வந்தது. பேட்டரி அருகே ஃபியூஸே இல்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கை சில்லிடுகிறது.

கணக்கு இதுதான். போக இரண்டு, வர இரண்டு, ஆக நாலு மீட்டர் செம்பு. 6 சதுர மில்லிமீட்டரில் 110 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.3 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் 1.3 போனால் இன்வெர்ட்டருக்குப் பேட்டரி தீர்ந்ததாகத்தான் தெரியும், அதனால் கத்துகிறது. காணாமல் போன அந்த வோல்ட் 140 வாட் சூடாக வயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதே தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் விழுவது கால் வோல்ட்டுக்கும் குறைவு.

இப்போது இன்வெர்ட்டரைப் பேட்டரியிலிருந்து ஒரு முழ தூரத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். 12 வோல்ட் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, 230 வோல்ட் பக்கம் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் போகட்டும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்திய லக், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 150 ஆம்பியர் ஃபியூஸ். வெல்டிங் கேபிள் வாங்குபவர்கள் உள்ளே செம்பா அலுமினியமா என்று சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். முதல் தடவை டிரையரை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு அணையுங்கள், பிறகு ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த இணைப்பு சரியில்லை.

வண்டியின் சொந்த பேட்டரியிலேயே, இன்ஜினை ஓடவிட்டுப் போடலாமா?

வண்டி பேட்டரி ஸ்டார்ட் செய்யும் சில நொடிகளுக்காகச் செய்தது. அதில் டிரையர் போட்டால் தலை காயலாம், வண்டி கிளம்பாது. திருவெண்காட்டில் காலை ஐந்து மணிக்கு வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். இன்ஜின் ஓடினாலும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) தன் முழு அளவைத் தராது, குறைவதைப் பேட்டரிதான் கொடுக்கும். கோயில் வாசலில் பத்து நிமிடம் டீசல் புகை விடுவதும் நன்றாக இல்லை.

சிகரெட் லைட்டரில் செருகும் 12 வோல்ட் டிரையர் ஆன்லைனில் வருகிறதே?

அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். 15 என்றே வைத்தாலும் 180 வாட்தான். குளிர்நாடுகளில் கண்ணாடியில் படியும் பனியை உருக்க அதை வைத்துக்கொள்வார்கள். தலைக்கு, வெந்நீர்ப் பானைக்கு மேல் முகத்தைக் காட்டிய மாதிரி ஒரு வெதுவெதுப்பு வரும், அவ்வளவுதான்.

ரீசார்ஜ் டிரையர், பவர் ஸ்டேஷன் பெட்டி இவையெல்லாம்?

ரீசார்ஜ் டிரையர் கிராப்புத் தலைக்குச் சரி. பின்னல் போடும் அளவு முடிக்குப் பாதியிலேயே நின்றுவிடும்.

பவர் ஸ்டேஷன் நல்ல யோசனைதான், வயரிங் தொல்லையே கிடையாது. ஃபியூஸ், பி.எம்.எஸ்., இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். வண்டியில் கை வைக்க விரும்பாதவர்களுக்கும், வாடகை வேனில் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். 1000 வாட் தொடர்ந்து தரும் பெட்டியாகப் பாருங்கள். சில பெட்டிகள் சக்திக்கு மீறிய டிரையரையும் ஓட்டும் என்று விளம்பரம் செய்வார்கள். அவை வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கின்றன. 230க்குப் பதில் 180 வோல்ட் கொடுத்தால் சூடு அறுபது சதவீதம்தான் வரும். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், ஆனால் 1200 வாட் கிடைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவந்த டிரையர் இருக்கிறது, பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. 230 வோல்ட்டில் போட்டால் கம்பி மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறும், நொடியில் எரிந்துபோகும். அடியில் 110, 230 என்று மாற்றும் சின்ன சுவிட்ச் இருந்தால் மட்டும், அதை 230க்குத் திருப்பிவிட்டு, செல்லோடேப் ஒட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். குழந்தைகள் கை பட்டு 110க்கு மாறினால் முடிந்தது.

சோலார் போட்டால் தீர்ந்ததல்லவா?

பங்குனி, சித்திரையில் கேட்டால் ஆமாம் என்பேன். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 330 வாட் பேனல் நல்ல வெயிலில் 230, 250 வாட் தருகிறது. உச்சி வெயிலில் அரை மணி நேரம் ஒரு தலைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆடிப்பெருக்குக்கு திருவையாறு போனபோது பேட்டரி குறையவே இல்லை.

ஆனால் ஆடி வெயிலில் யாருக்கு டிரையர் வேண்டும்? படித்துறையில் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குள் தலை காய்ந்துவிடும். டிரையர் தேவைப்படுவதே ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது. அந்த நாட்களில் பேனல் தருவது வெயில் நாளின் கால்பங்குகூட வராது. துலா முழுக்கை நம்பிச் சோலார் போட்டால் ஏமாற்றம்தான்.

மழைக்காலத்தில் எங்களைக் காப்பாற்றுவது டிசி டு டிசி சார்ஜர். ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் எடுத்து லித்தியம் பேட்டரிக்குச் சரியான வோல்டேஜில் ஏற்றும். கிட்டத்தட்ட 380 வாட். மாயவரத்திலிருந்து கும்பகோணம் ஒரு மணி நேர ஓட்டம், அதிலேயே மூன்று தலைக்கான மின்சாரம் திரும்பி வந்துவிடும். ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்து லித்தியத்தில் கட்டிவிடாதீர்கள். அது கேட்கும் அளவுக்குக் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும்.

சின்ன ஜெனரேட்டர்?

வேலை செய்யும். ஆனால் விடிகாலை நாலரை மணிக்குப் படித்துறையில் ஒருவர் கண்மூடிச் சங்கல்பம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஜெனரேட்டரை இழுத்துவிட எனக்கு மனம் வராது. மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று அதை வேனுக்குள்ளோ படிக்கட்டிலோ வைத்து ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

டிரையருக்குப் பதில் சாம்பிராணி போட்டுக்கொள்ளலாமே, அந்தக் காலத்தில் அப்படித்தானே?

என் பாட்டி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் முடியைப் பரப்பி, அடியில் தூபக்காலை வைத்துச் சாம்பிராணி போடுவார். அந்த வாசனைக்கு எந்த டிரையரும் ஈடில்லை. ஆனால் அது தாழ்வாரத்திலும் முற்றத்திலும் செய்தது. மூடிய வேனுக்குள் கங்கு வைத்தால் மேலே சொன்ன அதே கார்பன் மோனாக்சைடு, கூடவே கட்டில் மெத்தையும் திரைச்சீலையும் தீப்பிடிக்கும் பயம். மழை விட்டிருந்தால் வண்டிக்கு வெளியே, மரத்தடியில் போடுங்கள். நாங்களும் போடுகிறோம்.

ஈரத் தலை, ஈரக் கால், 230 வோல்ட். ஷாக் அடிக்காதா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் மாமியார், நியாயமான கேள்வி. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை இன்வெர்ட்டருக்கு அடுத்து கட்டாயம் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது. இன்வெர்ட்டரின் நியூட்ரல், எர்த், வண்டி பாடி மூன்றும் முறையாகச் சேர்ந்திருந்தால்தான் அது கசிவைக் கண்டுபிடிக்கும். எல்லா இன்வெர்ட்டரிலும் அப்படிச் சேர்க்கக் கூடாது, கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அழுத்திப் பாருங்கள்.

அப்புறம், சொட்டச் சொட்ட வரும் புடவையோடு டிரையரைத் தொடக் கூடாது. உடை மாற்றி, கால் துடைத்து, பிறகுதான்.

திருநள்ளாறில் எண்ணெய் தேய்த்து முழுகிய தலைக்கு டிரையர் காட்டலாமா?

நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வருபவர்களுக்கு முடியில் எண்ணெய் பாதி நிற்கும். அதில் சூடான காற்று பட்டால் முடி பிசுபிசுத்து வாசனை வரும், டிரையர் காற்றை உறிஞ்சும் வலையில் எண்ணெயும் தூசியும் படிந்து டிரையர் சூடேறித் தானே அணைந்துவிடும். சூடில்லாத காற்றில் வையுங்கள், இல்லையென்றால் துண்டும் ஃபேனும் போதும். தை அறுவடைக் காலத்தில் பதரும் தூசியும் பறக்கும்போதும் அந்த வலையைப் பழைய டூத் பிரஷால் துடைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் பக்கத்துக் கடையிலோ மண்டபத்திலோ ஒரு வயர் இழுத்துக்கொண்டால் என்ன?

கேட்டு, காசு கொடுத்துச் செய்தால் தப்பில்லை. சின்ன பிளக் 6 ஆம்பியர், அதாவது 1380 வாட் வரை. 800 வாட் டிரையருக்கு எதேஷ்டம். சுருளாகச் சுற்றியிருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்க விரித்துவிட்டுப் போடுங்கள், சுருளிலேயே விட்டால் சூடேறும். மழையில் நனையும் தரையில் ஜாயின்ட் இருக்கக் கூடாது.

ஸ்ட்ரெய்ட்னர்?

அது ஐம்பது வாட் சுற்றளவு. எந்தக் குட்டி இன்வெர்ட்டரிலும் ஓடும், கவலையே வேண்டாம்.

நாலு பேர் போனால் நாலு பேருக்கும் தாங்குமா?

போன ஐப்பசி கடைமுழுக்கு (மாதக் கடைசி நாள் முழுக்கு) அன்று அம்மா, மாமியார், அண்ணி, நான். கிளம்பும்போது பேட்டரி மீட்டரில் 91 சதவீதம். ஒருவர் துண்டைக் கட்டிக்கொண்டு காபி குடிக்கும்போது இன்னொருவருக்கு டிரையர், இப்படியே மாற்றி மாற்றி ஆளுக்கு எட்டு நிமிடம். இரண்டு பேருக்கு நடுவில் டிரையரைச் சூடில்லாத காற்றில் அரை நிமிடம் ஓடவிட்டோம், கம்பி ஆறட்டும் என்று. வெளியே மழை விடவே இல்லை. கடைசியாக என் தலை காய்ந்தபோது மீட்டர் 65 காட்டியது. லக்குகளைத் தொட்டுப் பார்த்தேன், லேசான வெதுவெதுப்புதான். கும்பகோணம் வந்து சேர்ந்தபோது 85க்கு ஏறியிருந்தது. அம்மா வழியெல்லாம் பின்னலைத் தோளில் போட்டபடி தூங்கிக்கொண்டு வந்தார்.